அரசியல் அறிவியல் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?

ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன் என்ற காரணத்தால், நம் கல்வி உதவிநிதிக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களை நேர்காணும் பொறுப்பு என்னையும் வந்து சேர்ந்திருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை, ஒரு மாணவி தன் தாயாருடன் வந்திருந்தார். தந்தை இல்லை. தாயார் உணவங்காடி நிலையத்தில் துப்புரவுப் பணி செய்பவர். மாணவிக்குச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. மதிப்பெண்களும் நன்றாகவே இருந்தன. என்ன பாடம் எடுக்கப் போகிறீர்கள் என்று கேட்டோம். "அரசியல் அறிவியல்" என்றார்.

எங்கள் குழுவில் ஒருவர் சிரித்துவிட்டார். "ஏம்மா, எலெக்‌ஷன்ல நிக்கப் போறியா?" என்று கேட்டார். இன்னொருவர் அக்கறையோடு, "மார்க் நல்லா இருக்கே, அக்கவுண்டன்சி எடுக்கலாமே" என்றார். தாயார் தலை குனிந்துகொண்டார். மகள் மட்டும் நிமிர்ந்து பார்த்துப் பதில் சொன்னார்.

"எங்க புளோக்குல நிறையப் பேருக்கு வர்ற கடிதத்தைப் படிச்சுச் சொல்றது நான்தான் ஐயா. அம்மாகூட எம்பியோட மக்கள் சந்திப்புக்கும் போயிருக்கேன். ஒரே மாதிரி கஷ்டத்தோட ரெண்டு பேர் வருவாங்க. ஒருத்தருக்கு உதவி கிடைக்கும், இன்னொருத்தருக்குக் கிடைக்காது. ஏன்னு யாருக்கும் சொல்லத் தெரியலை. எனக்கு அது தெரியணும்."

முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றவன் நான். ஒரு பாடத்தை ஏன் படிக்க விரும்புகிறேன் என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்ன மாணவர்கள் மிகச் சிலரே. ஆயினும் அவர் வெளியே சென்றபின் எங்கள் குழுவில் கருத்து வேறுபாடு எழுந்தது. "இது நன்கொடையாளர்களின் பணம். சீக்கிரம் சம்பாதித்துக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தும் படிப்புக்குத்தானே முதலில் கொடுக்க வேண்டும்?" என்று ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார். அது நியாயமான கேள்வி. அன்று நான் சொன்ன பதில் அரைகுறையானது. அதன்பின் விசாரித்தும் படித்தும் அறிந்தவற்றைச் சேர்த்து, முழுமையான பதிலை இம்மலரில் எழுத முயல்கிறேன்.

அரசியல் வேறு, அரசியல் அறிவியல் வேறு

"அரசியல்" என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர்க்குத் தேர்தல் மேடையும் கட்சிக் கொடியும்தான் கண்முன் தோன்றுகின்றன. "அரசியல் பேசாதே" என்று பிள்ளைகளை அடக்கி வளர்த்த தலைமுறை நாம். ஆனால் இச்சொல்லுக்கு நம் மொழியில் பழமையான, மதிப்பான ஒரு பொருள் உண்டு. திருக்குறளின் 133 அதிகாரங்களில் 70 பொருட்பாலில் உள்ளன. அதாவது பாதிக்கும் மேல். பரிமேலழகர் பகுப்பின்படி பொருட்பாலின் முதல் 25 அதிகாரங்களுக்கு "அரசியல்" என்றே பெயர். ஒருவரை ஆராய்ந்து பணியில் அமர்த்துவது எப்படி என்பதற்குத் 'தெரிந்து தெளிதல்', அயல்நாட்டில் பேசுவது எப்படி என்பதற்குத் 'தூது', சபையின் இயல்பறிந்து பேசுவதற்கு 'அவையறிதல்' என்று அதிகாரங்கள் வகுத்துத் தந்த மரபு நம்முடையது.

பல மனிதர்கள் சேர்ந்து வாழும்போது, பொதுவானவற்றை யார் தீர்மானிப்பது, எந்த விதிப்படி தீர்மானிப்பது, அந்தத் தீர்மானம் யாருக்கு நன்மை, யாருக்குச் சிரமம் என்று ஒழுங்காக ஆராய்வதே அரசியல் அறிவியல். அரசியல்வாதிகளை உருவாக்கும் பயிற்சிப் பள்ளி அன்று. இதற்கு நம் நாட்டிலேயே நல்ல சான்று இருக்கிறது. 1965 முதல் 2025 வரை சிங்கப்பூரின் வெளியுறவு அமைச்சர்களாக இருந்த எழுவரில் ஐவர் இந்திய மரபினர் என்பது நமக்குப் பெருமை. அவர்களில் திரு எஸ். ராஜரத்தினம் சட்டம் படிக்க லண்டன் சென்று பத்திரிகையாளரானவர். திரு எஸ். தனபாலன் பொருளியல் படித்தவர். பேராசிரியர் எஸ். ஜெயக்குமாரும் திரு கா. சண்முகமும் சட்டம் படித்தவர்கள். டாக்டர் விவியன் பாலகிருஷ்ணன் கண் மருத்துவர். ஆகவே அமைச்சராவதற்கு இந்தப் பட்டம் தேவையில்லை. இந்தப் பட்டம் பெற்றோரில் மிகப் பெரும்பாலோர் தேர்தலில் நிற்பதும் இல்லை.

வகுப்பறையில் என்ன கற்பிக்கிறார்கள்?

பெற்றோர் பலருக்கு இது தெரிவதில்லை என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். இப்படிப்பு பொதுவாக நான்கு பிரிவுகளைக் கொண்டது.

முதலாவது, அரசியல் சிந்தனை. நீதி என்றால் என்ன, ஓர் அரசுக்கு நாம் ஏன் கீழ்ப்படிய வேண்டும், எப்போது மறுக்கலாம் என்ற பழைய கேள்விகள். கிரேக்கத்தின் பிளேட்டோ, அரிஸ்டாட்டிலிலிருந்து இது தொடங்கும்.

இரண்டாவது, நாடுகளின் ஆட்சிமுறைகளை ஒப்பிடுவது. சிங்கப்பூரும் மலேசியாவும் ஒரே பிரிட்டிஷ் நாடாளுமன்ற முறையை ஏற்றவை. மலேசியாவோ 13 மாநிலங்களைக் கொண்ட கூட்டரசு. அங்கு மாமன்னர் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறுகிறார். நாடாளுமன்றத்தில் இரு அவைகள் உள்ளன. இங்கு ஒரே அவை. இங்கு 1984-இல் தொகுதியில்லா நாடாளுமன்ற உறுப்பினர், 1988-இல் குழுத்தொகுதி, 1990-இல் நியமன நாடாளுமன்ற உறுப்பினர், 1991-இல் மக்களே தேர்ந்தெடுக்கும் அதிபர் என்று பல புதுமைகள் வந்தன. குழுத்தொகுதியில் போட்டியிடும் ஒவ்வோர் அணியிலும் சிறுபான்மை இனத்தவர் ஒருவரேனும் இருக்க வேண்டும். இந்த ஏற்பாடு ஏன் வந்தது, எதைக் காத்தது, எதைக் குறைத்தது என்று ஆதாரத்தோடு வாதிடப் பழகுவதே இப்பிரிவின் பாடம்.

மூன்றாவது, அனைத்துலக உறவுகள். ஒரு சிறிய நாடு பெரிய நாடுகளிடையே எப்படிப் பிழைப்பது என்பது நமக்கு ஏட்டுப் பாடம் மட்டும் அன்று, அன்றாடத் தேவை. ஆசியான் 1967-இல் ஐந்து நாடுகளுடன் ஏன் தொடங்கியது, ஜொகூருடன் 1962-இல் செய்துகொண்ட தண்ணீர் உடன்பாடு 2061 வரை நீடிப்பதால் எழும் சிக்கல்கள் யாவை என்பன போன்றவை இதில் அடங்கும். பெட்ரா பிராங்கா தீவைப் பற்றி வாசகர்கள் அறிவீர்கள். அத்தீவு சிங்கப்பூருடையது என 2008-இல் அனைத்துலக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பில் பெரிதும் எடைபோட்டது 1953-இல் ஜொகூரின் தற்காலிக அரசாங்கச் செயலாளர் எழுதிய ஒரு சிறு கடிதம். அத்தீவின் உரிமையை ஜொகூர் கோரவில்லை என்று அதில் எழுதப்பட்டிருந்தது. ஐம்பத்தைந்து ஆண்டு கழித்து ஒரு கடிதம் ஒரு தீவின் உரிமையைத் தீர்மானிக்க உதவியது என்றால், பழைய ஏடுகளைப் பொறுமையாகப் படிக்கத் தெரிந்தவர்களின் அருமையை எண்ணிப் பாருங்கள்.

நான்காவது, பொதுக்கொள்கையும் நிர்வாகமும். சட்டம் இயற்றியபின் அது எப்படி அலுவலகங்களின் வழியாக மக்களின் வீட்டு வாசலை வந்தடைகிறது என்பது. அந்த மாணவி கேட்ட கேள்வி இப்பிரிவைச் சேர்ந்தது.

இவற்றோடு புள்ளிவிவரமும் ஆய்வுமுறையும் உண்டு. கருத்துக்கணிப்பு எப்படி எடுப்பது, எண்களை எப்படிப் படிப்பது என்று கற்பிக்கிறார்கள். "கணக்கு வராதவர்கள் எடுக்கும் பாடம்" என்று நம்மில் சிலர் நினைப்பது தவறு.

நம் வாழ்வில் இதற்கு என்ன இடம்?

மூன்று எடுத்துக்காட்டுகள் சொல்கிறேன். மூன்றும் நமக்கு மிக அருகில் உள்ளவை.

தைப்பூசம் ஒரு காலத்தில் சிங்கப்பூரில் பொது விடுமுறை நாளாக இருந்தது. 1968-இல் பொது விடுமுறைகள் குறைக்கப்பட்டபோது அது பட்டியலிலிருந்து நீங்கியது, தீபாவளி நின்றது. அந்த ஆண்டின் பொருளியல் கவலைகள் என்ன, மற்றச் சமயத்தாரும் தத்தம் விடுமுறைகளில் எதை விட்டுக்கொடுத்தனர் என்பதெல்லாம் தெரியாமலேயே நாம் ஒவ்வோராண்டும் பால்குடம் ஏந்திக்கொண்டே இதைப் பற்றிப் பேசுகிறோம். ஆதங்கப்படுவதற்கு ஞாபகம் போதும். ஆனால் ஒரு கோரிக்கையை உரிய இடத்தில் எழுதிக் கொடுக்க வேண்டுமானால் ஆராய்ச்சி வேண்டும்.

இரண்டாவது, இந்து அறநிலையங்களின் நிர்வாகமே. 1905-இல் முகமதிய, இந்து அறக்கட்டளைகள் இரண்டுக்கும் சேர்த்துக் குடியேற்ற அரசாங்கம் ஒரே சட்டம் செய்தது. சுதந்திரத்துக்குப் பின் இரண்டுக்கும் தனித்தனி ஏற்பாடுகள் வந்தன. இந்து அறக்கட்டளைச் சட்டம் 1968-ஆம் ஆண்டினது. அதன்கீழ் இந்து அறக்கட்டளை வாரியம் 1969-இல் அமைந்தது. கோயில் சொத்து யாருடைய பொறுப்பில் இருக்க வேண்டும், கணக்கை யார் யாருக்குக் காட்ட வேண்டும் என்ற கேள்விகள்தாம் இத்தனைக்கும் அடிப்படை. அவை அரசியல் அறிவியலின் கேள்விகளே.

மூன்றாவது, வீடு. வீவக குடியிருப்புகளில் இன ஒருமைப்பாட்டுக் கொள்கை 1989-இல் நடைமுறைக்கு வந்தது. ஒரே இனத்தவர் ஒரே வட்டாரத்தில் குவிந்துவிடாமல் கலந்து வாழ வேண்டும் என்பது அதன் நோக்கம். அந்த நோக்கத்தின் நன்மையை நாம் ஒவ்வொருவரும் அனுபவிக்கிறோம். அதே வேளையில், சில புளோக்குகளில் விகிதம் நிரம்பிவிட்டதால், வேற்றினத்தவருக்கு வீட்டை விற்க இயலாமல் சிரமப்பட்ட இந்தியக் குடும்பங்களையும் நாம் அறிவோம். ஒரு கொள்கை பொதுவுக்கு நன்மையாகவும் சிலருக்குச் சுமையாகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியும். அந்தச் சுமையை எப்படிக் குறைப்பது என்று கோபப்படாமல் எடுத்துச் சொல்லத் தெரிந்த இளையர்கள் நம்மிடையே எத்தனை பேர்?

எங்கே படிக்கலாம்?

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் அரசியல் அறிவியல் துறை 1961-இல் தொடங்கப்பட்டது. 2021 முதல் இப்பல்கலைக்கழகத்தின் கலை, அறிவியல் மாணவர்கள் மனிதவியல், அறிவியல் கல்லூரி என்ற பொது அமைப்பின்கீழ்ச் சேருகிறார்கள். அறிவியலும் கலையும் கலந்த சில பொதுப் பாடங்களை அனைவரும் படித்த பிறகு தம் முதன்மைப் பாடத்தில் ஆழ்ந்து செல்கிறார்கள். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பொதுக்கொள்கையும் உலக விவகாரங்களும் என்ற பட்டப்படிப்பு உண்டு. சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தின் சமூக அறிவியல் பள்ளியிலும் இதை முதன்மைப் பாடமாக எடுக்கலாம். முதல் பட்டத்துக்குப் பின் பொதுக்கொள்கையில் மேற்படிப்புக்கு 2004-இல் தொடங்கிய லீ குவான் இயூ பொதுக்கொள்கைப் பள்ளியும், அனைத்துலக விவகாரங்களுக்கு 2007-இல் திரு ராஜரத்தினத்தின் பெயர் தாங்கி அமைந்த எஸ். ராஜரத்தினம் அனைத்துலகக் கல்விப் பள்ளியும் உள்ளன.

தொடக்கக் கல்லூரியில் இதை முன்கூட்டியே ஒரு பாடமாகப் படித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. வரலாறு, பொருளியல், இலக்கியம், பொதுத் தாள் இவற்றில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு இது பொருந்தும். பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். நிறையப் படிக்கவும் நிறைய எழுதவும் சலிக்காத பிள்ளையாக இருக்க வேண்டும். அதுவே முதல் தகுதி.

சரி, வேலை?

இதற்குத்தான் காத்திருந்தீர்கள் என்று எனக்குத் தெரியும்.

முதலில் அரசாங்க சேவை. அமைச்சுகளிலும் கழகங்களிலும் கொள்கை வகுக்கும் பிரிவுகளில் இப்பட்டதாரிகளுக்கு இடமுண்டு. வெளியுறவு அமைச்சில் வெளியுறவுச் சேவை அதிகாரியாகி, பின்னர் அயல்நாட்டுத் தூதரகங்களில் பணியாற்றலாம். இச்சேவைக்கு எந்தப் பட்டதாரியும் விண்ணப்பிக்கலாம். ஆதலால் போட்டி கடுமை. சிறந்த தேர்ச்சி பெற்ற மாணவர்கள் பொதுச் சேவை ஆணையத்தின் உபகாரச் சம்பளத்துக்கு முயலலாம். அதைப் பெறுவோர் படிப்பு முடிந்ததும் ஒப்பந்தப்படி சில ஆண்டுகள் அரசாங்கத்தில் பணியாற்ற வேண்டும் என்பதைப் பெற்றோர் நினைவில் கொள்க.

அடுத்து என் சொந்தத் தொழிலான ஆசிரியப் பணி. உயர்நிலைப் பள்ளியின் சமூகக் கல்வியும், தொடக்கக் கல்லூரியின் பொதுத் தாளும் இவர்களுக்கு இயல்பாகப் பொருந்தக்கூடியவை. கல்வி அமைச்சு தேர்ந்தெடுத்தபின் தேசியக் கல்விக் கழகத்தில் பயிற்சி பெற வேண்டும்.

மூன்றாவது ஊடகம். நம் தமிழ் முரசு 1935-இல் தோன்றியது. அதிலும் வானொலி, தொலைக்காட்சிச் செய்திப் பிரிவிலும், வரவுசெலவுத் திட்டத்தையும் தேர்தலையும் உலக நடப்பையும் நல்ல தமிழில் விளக்கத் தெரிந்தவர்களுக்கு என்றும் தேவையுண்டு. இரு மொழித் திறன் இங்கே பெரும் பலம்.

நான்காவது ஆய்வு நிலையங்கள். 1968-இல் அமைந்த தென்கிழக்காசிய ஆய்வுக் கழகம் இன்று யூசோஃப் இஷாக் பெயரைத் தாங்கி நிற்கிறது. கொள்கை ஆய்வுக் கழகம் 1988-இல் தொடங்கியது. இத்தகைய இடங்களில் ஆய்வு உதவியாளராகச் சேரலாம்; ஆனால் மேலே செல்ல முதுநிலைப் பட்டம் தேவைப்படும். ஏபெக் அமைப்பின் செயலகம் சிங்கப்பூரிலேயே இருக்கிறது. ஆசியானின் செயலகம் ஜகார்த்தாவில்.

ஐந்தாவது தனியார் துறை. இதைத்தான் பெற்றோர் அறிவதில்லை. வங்கிகள், ஆலோசனை நிறுவனங்கள், தொழில்நுட்ப நிறுவனங்கள் பலவற்றிலும் அரசாங்கத் தொடர்பு, பொதுக்கொள்கை, சட்டவிதி இணக்கம், நாட்டு நிலவர ஆய்வு போன்ற பிரிவுகள் உள்ளன. ஒரு நாட்டில் முதலீடு செய்யுமுன் அங்கே ஆட்சி மாறினால் என்னாகும் என்று கணிப்பதற்கு ஆள் வேண்டுமல்லவா? மனிதவளப் பிரிவிலும் தொடர்புப் பிரிவிலும் சேர்வோரும் பலர்.

இவை தவிர, சமூக சேவை அமைப்புகளும் அறநிறுவனங்களும் உண்டு. சட்டத்தை இரண்டாம் பட்டமாகப் படித்து வழக்கறிஞர் ஆவோரும் உண்டு.

இரண்டு தூதர்கள்

இப்படிப்பு எங்கே கொண்டு சேர்க்கும் என்பதற்கு ஒரு பெயரைச் சொல்ல வேண்டுமானால், பேராசிரியர் சான் ஹெங் சீயைச் சொல்வேன். 1964-இல் அன்றைய சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியலில் முதல் வகுப்பில் தேறியவர். அதே துறையில் கற்பித்து அதன் தலைவராகவும் இருந்தார். கொள்கை ஆய்வுக் கழகத்தின் முதல் இயக்குநர். ஐக்கிய நாடுகள் நிறுவனத்தில் சிங்கப்பூரின் நிரந்தரப் பிரதிநிதியாக இருந்து, 1996 முதல் 2012 வரை அமெரிக்காவுக்கான தூதராகப் பணியாற்றினார்.

அவருக்கு முன் 1990 முதல் 1996 வரை அதே தூதர் பொறுப்பில் இருந்தவர் யார் தெரியுமா? பின்னாளில் நம் அதிபரான திரு எஸ்.ஆர். நாதன். அவர் அரசியல் அறிவியல் பட்டதாரி அல்லர். வறுமையாலும் போர்க்காலத்தாலும் படிப்புத் தடைப்பட்டு, பின்னர் முயன்று, 1954-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சமூகக் கல்விப் பட்டயம் பெற்றவர். மருத்துவ சமூக சேவகராக 1955-இல் அரசாங்கப் பணியைத் தொடங்கினார். மாலுமிகளின் நலன், தொழிற்சங்க ஆய்வு, வெளியுறவு, தற்காப்பு என்று அவர் கற்றதெல்லாம் மனிதர்களிடமிருந்து. 1974-இல் லாஜு படகுச் சம்பவத்தில், பிணை பிடிக்கப்பட்டவர்களை விடுவிப்பதற்காக, ஆயுததாரிகளுடன் குவைத் வரை விமானத்தில் சென்ற அதிகாரிகள் குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1983 முதல் 1988 வரை இந்து அறக்கட்டளை வாரியத்தின் தலைவராக இருந்தவரும் அவரே. 1999 முதல் 2011 வரை அதிபர் பொறுப்பு வகித்தார்.

ஒரே நாற்காலிக்கு ஒருவர் நூலகத்தின் வழியாக வந்தார். மற்றவர் துறைமுகத்தின் வழியாக வந்தார். பட்டம் கதவைத் திறக்க உதவும். மனிதர்களைப் புரிந்துகொள்ளும் பயிற்சிதான் உள்ளே நிற்க உதவும். இரண்டும் ஒருவரிடமே அமைந்தால் அதுவே சிறப்பு.

மறைக்கக் கூடாத உண்மைகள்

நன்கொடையாளர்களிடம் நல்லதை மட்டும் சொல்வது முறையாகாது. மருத்துவர், கணக்காய்வாளர் போல் இப்பட்டத்துக்கென்று உரிமம் பெற்ற ஒரே தொழில் கிடையாது. "அரசியல் அறிவியலாளர் தேவை" என்று நாளிதழில் விளம்பரம் வருவது அரிது. படிக்கும் காலத்திலேயே விடுமுறைகளில் வேலையனுபவப் பயிற்சி பெறாத மாணவர், பட்டம் பெற்றபின் சில மாதங்கள் அலைய நேரிடலாம். தொடக்கச் சம்பளம் கணினித் துறை நண்பர்களைவிடக் குறைவாக இருக்கக்கூடும். நன்றாக எழுதத் தெரியாத, கூச்சத்தால் பேசாத மாணவருக்கு இப்படிப்பு கடினம். அலையும் அந்த மாதங்களைத் தாங்கும் வசதி ஏழைக் குடும்பத்துக்கு இல்லை என்பதுதான் எங்கள் மூத்த உறுப்பினரின் கவலை. அவர் கவலை சரியே.

ஆகவே இப்படிப்பைத் தேர்ந்தெடுக்கும் மாணவர்களுக்கு மூன்று யோசனைகள். முதலாண்டிலிருந்தே ஏதேனும் ஓர் அலுவலகத்திலோ சமூக அமைப்பிலோ பயிற்சிக்குச் செல்லுங்கள். புள்ளிவிவரமோ பொருளியலோ துணைப்பாடமாக எடுங்கள். தமிழையும் இன்னொரு வட்டார மொழியையும் விட்டுவிடாதீர்கள். மலாயும் சீனமும் தெரிந்த தமிழ்ப் பிள்ளைக்கு இவ்வட்டாரத்தில் கதவுகள் திறக்கும்.

நான் செய்த ஒரு தவறு

நேர்காணல் நடந்த அன்று என் மனத்தில் வேறொரு முகமும் வந்து நின்றது. தொண்ணூறுகளில் என்னிடம் படித்த மாணவன். செய்தித்தாளின் வெளிநாட்டுப் பக்கத்தை வெட்டி நோட்டுப் புத்தகத்தில் ஒட்டி வைப்பான். ஒருநாள் ஓய்வறைக்கு வந்து, "சார், அரசியல் அறிவியல் படிக்கலாமா?" என்று கேட்டான். நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "பிழைக்கிற வழியைப் பாரப்பா, கணக்கியல் எடு" என்றேன். அவன் அப்பாவும் என்னைக் கூப்பிட்டு நன்றி சொன்னார்.

பல ஆண்டுகள் கழித்து நவராத்திரி நேரத்தில் ஆலயத்தில் அவனைக் கண்டேன். மனைவி, இரு பிள்ளைகள். என்னைத் தம் பிள்ளைகளிடம் அறிமுகப்படுத்திவிட்டுச் சொன்னார்: "நீங்க சொன்னது சரிதான் சார். வேலை நல்லா இருக்கு, வீடு வாங்கிட்டேன். பேப்பர்ல வெளிநாட்டுப் பக்கம் படிக்கும்போது மட்டும் உங்க ஞாபகம் வரும்."

அவர் குறை சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அன்று பிரசாதம் வாங்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவர் கணக்கியல் படித்ததில் தவறில்லை. தெரியாத ஒரு பாடத்தைப் பற்றித் தெரிந்தவன்போல் பேசியதுதான் என் தவறு. "எனக்குத் தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன்" என்று சொல்லியிருந்தால் போதும். ஓர் ஆசிரியருக்கு அந்த வாக்கியம் இழுக்கல்ல என்று எனக்கு அறுபது வயதில்தான் புரிந்தது.

முடிவாக

அந்த மாணவிக்கு நம் உதவிநிதி வழங்கப்பட்டது. மூத்த உறுப்பினரின் யோசனைப்படி, விடுமுறைப் பயிற்சிக்குச் செல்லும் காலத்துக்கும் சேர்த்துக் கொடுக்க முடிவு செய்தோம். அந்நேரம் பகுதி நேர வேலையை விட்டுவிட்டுப் பயிற்சிக்குப் போக அவரால் முடிய வேண்டுமல்லவா? எதிர்த்தவர்தான் உதவியைப் பெரிதாக்கினார். கருத்து வேறுபாடும் நன்மை தரும் என்பதற்கு எங்கள் சிறு குழுவே சாட்சி.

இப்போது அவர் இறுதி ஆண்டில் இருக்கிறார். சமூக சேவை அமைப்பு ஒன்றில் இருமுறை பயிற்சி பெற்றிருக்கிறார். வேலைக்கு விண்ணப்பங்கள் அனுப்பிக்கொண்டிருக்கிறார். இன்னும் ஒன்றும் உறுதியாகவில்லை. தாயார் இன்னமும் அதே உணவங்காடியில்தான் பணிபுரிகிறார். எல்லாம் நிறைவேறிவிட்டது என்று எழுதி உங்களை மகிழ்விக்க எனக்கும் ஆசைதான். ஆனால் உள்ளதைச் சொல்வதே முறை.

சென்ற மாதம் அவரிடம் கேட்டேன்: "ஒருவருக்குக் கிடைத்து இன்னொருவருக்கு ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டீர்களே, விடை தெரிந்ததா?" அவர் சொன்னார்: "பாதி தெரிஞ்சுது ஐயா. விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். எந்தக் காகிதத்தைக் கேட்கணும்னு தெரிஞ்சவங்களுக்குக் கிடைக்குது. தெரியாதவங்க வெறுங்கையோட திரும்பிடறாங்க. மீதிப் பாதியை இன்னும் தேடிக்கிட்டிருக்கேன்."

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை இப்படிப்பைக் கேட்டால் சிரிக்காதீர்கள்; உடனே தலையசைக்கவும் வேண்டாம். ஏன் என்று கேளுங்கள். காரணம் தெளிவாக இருந்தால், பல்கலைக்கழகங்களின் திறந்தநாள் நிகழ்ச்சிக்கு உடன் சென்று விசாரியுங்கள். நன்கொடையாளர்களே, நீங்கள் அளிக்கும் வெள்ளி மருத்துவரையும் பொறியாளரையும் உருவாக்குவதோடு, வெறுங்கையோடு திரும்புகிறவர்களுக்காகப் பேசத் தெரிந்த சிலரையும் உருவாக்கட்டும். அத்தகையோர் நம் சமூகத்தில் போதுமான அளவு இல்லை. அவர்கள் உருவாகச் சற்றுக் காலமும் பிடிக்கும்.